இத்தாலி வண்டி

அத்தியாயம் 11

"தம்பி என்ன வண்டி வச்சிருக்காரு?" என்று அம்பாங்கிலிருந்து பெண்ணின் அப்பா யுகேந்திரன் போனில் கேட்டதையும், "இத்தாலி வண்டி அண்ணே" என்று தனலெட்சுமி பதில் சொல்லிப் பட்டென்று போனை வைத்ததையும் போன வாரம் பார்த்தோம்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அவள் மகன் தனேஷ் வைத்திருப்பது இத்தாலியில் செய்த வண்டிதான். சக்கரம் இரண்டு. இஞ்சின் கிடையாது. மிதித்தால் போகும்.

'வண்டி' என்ற சொல் இருக்கிறதே, அது ரொம்ப வசதியான சொல். மாட்டையும் பூட்டலாம், மோட்டாரையும் பூட்டலாம். அது சைக்கிள் என்று இன்னும் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. "பொண்ண எங்க உக்கார வைப்பாரு, கேரியர்லயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள் ஒரு வீட்டார். அந்தச் சைக்கிளில் கேரியர்கூடக் கிடையாது என்பதைத் தனலெட்சுமி யாரிடம் போய்ச் சொல்வாள்?

முப்பத்தொரு வயது. சுபாங் ஜெயாவில் நல்ல வேலை. குடி இல்லை, புகை இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இருந்த காரை விற்றுவிட்டு இந்தச் சைக்கிளை வாங்கினான், அன்றிலிருந்து அதில்தான் வேலைக்குப் போகிறான். அதுவும் யார் வீட்டுப் பிள்ளை? கிள்ளானில் முப்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஜெயராஜ் வீட்டுப் பிள்ளை! 'லைசென்ஸ பிடுங்கிட்டாங்களா' என்று குடியிருக்கும் தாமான் முழுக்கக் கேட்டாகிவிட்டது. "டாக்டர் சொன்னாரு, உடம்புக்காக" என்று மூன்று வருடமாகப் புளுகிக்கொண்டிருக்கிறாள் தனலெட்சுமி. எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவனுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காரணத்தை மட்டும் வெளியில் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் இரு வீட்டாரும் சந்திப்பதாக ஏற்பாடு.

காலை ஏழு மணிக்கு, எல் பலகை ஒட்டிய டிரைவிங் ஸ்கூல் காருக்கும் வீட்டுக் காருக்கும் நடுவில் குந்தி, தன் அம்மாவின் பழைய புடவைத் துண்டால் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தான் தனேஷ். ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்தான்.

"மழை வரும் போல இருக்குடா. இன்னிக்கு ஒரு நாள் எங்களோட கார்ல வந்துரேன்."

"மூணு பேரும் சேர்ந்து ஜாம்ல உக்காரணுமா? நீ போ மா. பத்தரைக்கு சென்ட்ரல் ஸ்டேஷன்ல இருப்பேன். முகம் கழுவி, துணி மாத்திட்டு, சைக்கிள அங்கயே பூட்டிட்டு நடந்து வந்துர்றேன். நீ சொன்ன மாதிரியே."

சைக்கிளை அங்கேயே பூட்டச் சொன்னது அவள்தான். கடை வாசலில் நிறுத்த இடமிருக்காது என்று காரணம் சொல்லியிருந்தாள். சட்டை, பேன்ட், சீப்பு, பவுடர் வரை அவளே பையில் அடுக்கினாள். கறுப்பு ஷூவுக்கு மட்டும் இடம் போதவில்லை.

"ஷூ கார்ல இருக்கு. அப்பாகிட்ட குடுத்து ஸ்டேஷன் வாசலுக்கு அனுப்புறேன்."

"மறந்துராத லா. இதப் போட்டுட்டு பொண்ணு பாக்க வந்தா ஓடிருவாங்க." காலை நீட்டிக் காட்டினான். கொன்றைப் பூ மஞ்சளில் சைக்கிள் ஷூ. அடியில் பெடலில் மாட்டும் கட்டை. நடந்தால் டக் டக் என்று சத்தம் வரும். "நீ ஏன் மா ஒரு மாதிரி இருக்க? எனக்குத்தானே பதட்டமா இருக்கணும்?"

அந்த வீட்டில் அப்பாவுக்குத்தான் 'நீங்க'. அம்மாவுக்கு என்றைக்கும் 'நீ'தான். அவளுக்கும் அதுதான் பிடிக்கும்.

"ஒண்ணுமில்ல. பாத்துப் போ," என்றாள். சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஃபெடரல் ஹைவேயில் கார் ஏறிய பிறகு கணவனிடம் சொன்னாள்.

ஜெயராஜ் முதலில் சிரித்தார். "இத்தாலி வண்டியா? அடிப்பாவி! அவரு காருன்னுதானே நினைப்பாரு?"

"நினைச்சா நான் என்ன பண்றது?"

"நினைக்கணும்னுதானே சொன்ன."

தனலெட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெயராஜ் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். 'மகன் கார என் ஸ்டூடன்ட் ஒருத்தன் ஓட்டிப் பழகுறான்' என்று அவரும் போன மாதம்தான் யாரிடமோ புளுகியிருந்தார். யாரை யார் கேட்பது?

சுபாங் ஜெயாவைத் தாண்டும்போது மழை கொட்டியது. மேம்பாலத்துக்கு அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் மஞ்சள் ஷூ. தனேஷ் ஒரு மலாய்க்காரப் பையனோடு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம்.

"நம்ம பையன்! ஹாரன் அடிக்கட்டுமா?"

"வேணாம். ஓட்டுங்க," என்றாள்.

பெண் வீட்டார் அரை மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்த பதட்டத்தில் ஷூ அவள் நினைவிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது. கைப்பைக்குள் போன் மூன்று தடவை அடித்ததும் அந்தக் கடை இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.

யுகேந்திரன் மனைவியை இழந்தவர். ஒரே மகள் லோஷினி, பல் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். கூட வந்திருந்தவர் அவருடைய அக்கா நல்லம்மாள். அந்த அம்மாளுக்குக் கண் ரொம்பக் கூர்மை. உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் தனலெட்சுமியின் கம்மலில் ஒரு கல் மாற்றியது என்று கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி வண்டியிலயா வர்றாரு?" என்றார் யுகேந்திரன்.

"இல்லண்ணே... வண்டி சர்வீஸ்ல இருக்கு."

"எந்த வொர்க்‌ஷாப்? இத்தாலி வண்டின்னா சும்மா ஆளுங்ககிட்ட விட்டுராதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஃபோர்மேன் ஒருத்தர் அம்பாங்ல இருக்காரு."

தனலெட்சுமி தண்ணீரை எடுத்துக் குடித்தாள். ஜெயராஜ் மெனு அட்டையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். வாழையிலைக் கடையில் மெனுவில் அப்படி என்னதான் படித்தாரோ!

"வாங்க, பிள்ளைக்குப் பூ வாங்கிட்டு வருவோம்," என்று நல்லம்மாள் எழுந்தது பெரிய புண்ணியமாகப் போயிற்று. அப்படித்தான் அவள் நினைத்தாள்.

கடை வாசலை அடுத்து வரிசையாகப் பூக்கடைகள். மழை விட்டிருந்தது. நல்லம்மாள் மல்லிகைச் சரத்தை முழம் போடச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பின்னால் சக்கரம் கிர்ரென்று சுற்றும் சத்தம் கேட்டது. தனலெட்சுமிக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்று வருடமாக வாசலில் கேட்கிற சத்தம்.

தலைக்கவசம். கறுப்புக் கண்ணாடி. முழங்கால் வரை சேறு. முதுகோடு ஒட்டிய ஈரச் சட்டை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, டக் டக்கென்று நேராக அவளைப் பார்த்து வந்தான். ஷூ வரவில்லை, போனும் எடுக்கவில்லை, கார் சாவியை வாங்கிக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறான். இதெல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. எல்லாம் புரிந்தது.

"யாரு இந்தத் தம்பி, நம்மளப் பாத்து வருது? ஒங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றார் நல்லம்மாள்.

"இல்லக்கா," என்றாள் தனலெட்சுமி. "தெரியல."

மெல்லச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. தெளிவாகச் சொன்னாள்.

தனேஷ் நின்றான். இரண்டடி தூரம்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண் தெரியவில்லை. வாய் மட்டும் 'மா' என்று சொல்வதற்காகத் திறந்தபடி இருந்தது. அதை மூடினான்.

"சாரி ஆன்டி," என்றான். "வேற யாரோன்னு நெனச்சிட்டேன்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

"பாவம், நல்ல மரியாதையான பிள்ளை," என்றார் நல்லம்மாள். "என்ன வேலை செய்யுதோ, இப்படி மழையில நனைஞ்சுக்கிட்டு. காலப் பாத்தீங்களா, அப்படி ஒரு மஞ்சள்!"

ஆன்டி. பெற்ற பிள்ளை அவளை ஆன்டி என்று கூப்பிட்டுவிட்டுப் போகிறான். தனலெட்சுமிக்குக் காது இரண்டும் கொதித்தது. பின்னாலேயே ஓட வேண்டும் என்று தோன்றியது. ஓடினால் நல்லம்மாளுக்கு என்ன பதில் சொல்வது என்றும் தோன்றியது. இந்த இரண்டாவது எண்ணம் வந்ததே, அதற்காகத்தான் அவள் தன்னையே காறித் துப்பிக்கொள்ள நினைத்தாள். மல்லிகைச் சரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே இலை போட்டிருந்தது. இலைகளுக்கு நடுவில் ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம். அதன் மேல் மஞ்சள் துணியில் சுற்றி நீளமாக ஏதோ இருந்தது.

"இருபத்திரண்டு வருஷம் நான் அடுத்தவன் கார ஓட்டுனவன்மா," என்றார் யுகேந்திரன். "மொதலாளி ஏறுவாரு, எறங்குவாரு. கதவத் தொறந்து விடணும். அப்புறம் ஒரு நாள் சொந்தமா ஒண்ணு வாங்குனேன். செகண்ட் ஹேண்ட்தான். ஆனா பின் சீட்ல என் பொண்டாட்டி உக்காந்தா."

துணியைப் பிரித்தார். பழைய நம்பர் பலகை. கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து, ஒரு மூலை வளைந்திருந்தது. 4127. நான்கு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

"அந்தக் கார் போச்சு. நம்பர விடல. கார் மாத்தும்போதெல்லாம் நம்பரும் கூடவே வந்துச்சு. எனக்குப் பையன் இல்ல. மருமகன் வண்டிக்குப் போட்டுப் பாக்கணும்னு ஆசை. எப்படி மாத்துறதுன்னு விசாரிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். பேப்பர் வேலை எல்லாம் அப்புறம். இந்தப் பலகை சும்மா ஞாபகத்துக்கு."

தனலெட்சுமி வளைந்திருந்த அந்த மூலையையே பார்த்தாள். அந்த ஆள் ஆசைப்பட்டுக் கேட்டதைத் தான் என்னவாக்கி வைத்திருக்கிறோம்!

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக். டக். டக்.

நீல முழுக்கைச் சட்டை, கறுப்பு பேன்ட், தலை படிய வாரி, நெற்றியில் சின்னதாக விபூதி. எல்லாம் அவள் அடுக்கிக் கொடுத்தபடியே. கீழே மட்டும் மஞ்சள் ஷூ. தரை ஓடுகளில் கட்டை பட்டுப் பட்டு, கடையே திரும்பிப் பார்த்தது.

"வணக்கம் அங்கிள். லேட்டாயிருச்சு, மன்னிச்சிருங்க." எல்லோருக்கும் கை கூப்பினான். ஜெயராஜைப் பார்த்து, "பா" என்றான். தனலெட்சுமியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"வாங்க தம்பி, வாங்க!" யுகேந்திரன் பலகையை அவன் பக்கம் நகர்த்தினார். "இது ஒங்க இத்தாலி வண்டிக்கு."

தனேஷ் பலகையைப் பார்த்தான். இத்தாலி வண்டி என்ற சொல் அவனுக்குள் இறங்குவதைத் தனலெட்சுமி பார்த்தாள். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவ்வளவுதான், முழுக் கதையும் புரிந்துகொண்டுவிட்டான். கெட்டிக்காரப் பிள்ளை, சின்ன வயதிலிருந்தே.

"ரொம்ப நல்ல நம்பர் அங்கிள்," என்றான் மெதுவாக. "ஆனா என் வண்டில நம்பர் போட எடம் கிடையாது. அது சைக்கிள். இத்தாலி சைக்கிள். வீட்ல சரியாத்தான் சொல்லியிருக்காங்க, நான்தான் முன்னாடியே போன் பண்ணி வெளக்கமா சொல்லியிருக்கணும். என்கிட்ட கார் இல்ல."

பரிமாற வந்தவர் கூட்டுக் கரண்டியோடு நின்றார், பிறகு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

"இந்த ஷூ..." என்றார் நல்லம்மாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்து நிமிர்ந்தார். "இப்ப பூக்கடையில பாத்தேனே. ஆன்டின்னு கூப்பிட்டுச்சே ஒரு தம்பி. நீங்களா அது?" தனலெட்சுமி பக்கம் திரும்பினார். "நீங்க தெரியலன்னீங்களே?"

"ஹெல்மெட் போட்டிருந்தேன்ல ஆன்டி," என்று தனேஷ் சட்டென்று குறுக்கே வந்தான். "கண்ணாடி வேற. சேறு. அவங்களுக்கு எப்படி அடையாளம் தெரியும்?"

தப்பிக்க வழி திறந்துவிட்டான். பெரிய வாசலாகவே திறந்துவிட்டான். தனலெட்சுமி தலையை ஆட்டினால் போதும். 'ஐயோ, நீயாடா அது' என்று ஒரு சிரிப்புச் சிரித்தால் முடிந்தது. மூன்று வருடமாக இதை விடப் பெரிய புளுகையெல்லாம் சுலபமாகத் தாண்டி வந்தவள்தான்.

அவளால் முடியவில்லை. 'அம்மாவுக்கு' என்று சொல்லாமல் 'அவங்களுக்கு' என்று சொல்கிறானே! காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிற பிள்ளை வாயில் அந்த வார்த்தை மட்டும் வரவில்லை.

"தெரிஞ்சுது," என்றாள்.

"தனம்..." என்றார் ஜெயராஜ்.

"சக்கர சத்தத்துலயே தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் தெரியலன்னு சொன்னேன். வெக்கமா இருந்துச்சு அண்ணே. போன்ல நீங்க கேட்டப்பவும் அப்படித்தான், நீங்க காருன்னு நெனைக்கணும்னுதான் சொன்னேன். இவன் மேல ஒரு தப்பும் இல்ல. இவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

அழக்கூடாது என்று பார்த்தாள். கண்ணீர் இலையில் விழுந்தது.

யுகேந்திரன் நம்பர் பலகையை மறுபடி துணியில் சுற்றினார். மெதுவாக, மூலை மூலையாக மடித்தார்.

"ஒளிக்காம சொல்றேன்மா. சைக்கிள்னு சொல்லியிருந்தா இன்னிக்கு நான் வந்திருக்க மாட்டேன். என் புத்தி அப்படித்தான்." துணியின் முனையைச் செருகினார். "ஆனா இப்ப என் யோசனை சைக்கிளப் பத்தி இல்ல. பெத்த பிள்ளையவே ரோட்ல தெரியலன்னு சொன்ன வீடு. நாளைக்கி என் பொண்ணுகிட்ட ஏதாச்சும் ஒரு கொறை கண்டுட்டா, அவளத் தெரியும்னு சொல்ல யாரு இருக்கா?"

ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அப்பா," என்றாள் லோஷினி. இவ்வளவு நேரமும் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. "அந்த மஞ்சள் ஷூவ நான் இவரு போட்டோவுலயே பாத்துட்டேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி."

"ஒனக்குத் தெரியுமா? கார் இல்லன்னு தெரியுமா?"

லோஷினி தலை குனிந்துகொண்டாள். "வீட்ல போய் பேசலாம்பா."

நல்லம்மாளின் கூரிய கண் இப்போது தன் அண்ணன் மகள் மேல்... இல்லை, தம்பி மகள் மேல் திரும்பியது. பார்த்தீர்களா, கதை சொல்லும் எனக்கே தடுமாறுகிறது. மூவரும் எழுந்தார்கள். இலையைத் தொடாமலே போனார்கள்.

அவர்கள் கார் கிளம்பிய பிறகுதான் ஜெயராஜ் கவனித்தார். வெற்றிலைத் தட்டில் மஞ்சள் துணி அப்படியே கிடந்தது. இத்தனை வருடமாக விடாமல் வைத்திருந்த நம்பர்.

"மறந்துட்டாரா, விட்டுட்டுப் போனாரா?" என்றார்.

தனலெட்சுமி அதைக் கேட்கும் நிலையில் இல்லை. தனேஷ் உட்கார்ந்திருந்த எதிர் நாற்காலி காலியாக இருந்தது. காரைத் திறந்து ஷூப் பையை எடுத்துக்கொண்டு, சேலை தடுக்கத் தடுக்க ஓடினாள்.

தெருமுனையில் விளக்குக் கம்பத்தில் பூட்டியிருந்த சைக்கிளை அவிழ்த்துக்கொண்டிருந்தான் தனேஷ். நல்ல சட்டையோடேயே தலைக்கவசத்தை மாட்டியிருந்தான்.

"டேய்... ஷூ."

வாங்கினான். "தேங்க்ஸ்," என்றான். பையை ஹேண்டிலில் மாட்டினான்.

'அம்மா தெரியாம சொல்லிட்டேன்டா' என்று தொடங்கப் போனாள். தெரிந்துதான் சொன்னேன் என்று இப்போதுதானே அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்?

"வீட்டுக்கு வருவியாடா?"

அவன் ஒரு காலைப் பெடலில் வைத்து அழுத்தினான். டக்கென்று மாட்டிக்கொண்டது. பேச்சு வந்த நாளிலிருந்து அவளை நீ, வா, போ என்று மட்டுமே கூப்பிட்ட பிள்ளை, பின்னால் வரும் கார்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவள் காலடியைப் பார்த்தான்.

"ரோட்ல தண்ணி நிக்குது, சேலைல தெறிக்கும்," என்றான். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."